'இடுப்பு வலி' என்னும் சொல்லும் வைத்தியசாலைப் பதிவும்: கண்டி மலைப்புறத்தை முன்வைத்து ஒரு நோக்கு

தமிழில் 'இடுப்பு' பரந்த பொருளாட்சி உடைய சொல். முதுகின் அடிப்பகுதி, அரைஞாண் கட்டும் இடம், தொடை பொருந்தும் மூட்டு, அடிவயிற்றைத் தாங்கி நிற்கும் என்பு வளையம் ஆகிய அனைத்தையும் அது சுட்டும். யாழ்ப்பாணத்தார் முதுகின் அடிப்பகுதியை 'நாரி' எனப் பிரித்துக் கூறுவர். மலையகத் தோட்டங்களில் இவ்வாறு பிரித்துரைக்கும் வழக்கு இல்லை. கலகா, தெல்தோட்டை, புசல்லாவைப் பகுதிகளிலிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ மருந்துக்கு வரும் ஒரு பெண் தொழிலாளி "இடுப்பு வலிக்குதுங்க" என்று சொன்னால், அவள் இந்நான்கில் எதைக் கருதினாள் என்பது வினவினாலன்றித் தெரியாது. வினவப்படாத இடத்து அச்சொல் ஆங்கிலத்தில் 'முதுகுவலி' என்றே எழுதப்படுகின்றது. அவ்வாறு எழுதப்படுவதால் மறைந்துபோகும் ஒரு நோயை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நோய் இடுப்பு வளையத்தின் அயர்வு முறிவு. விழாமலும் அடிபடாமலும் என்பு முறியுமா என்று கேட்கலாம். முறியும். என்பு உயிருள்ள பொருள். நாள்தோறும் நுண்ணளவில் சிதைந்து, நாள்தோறும் தன்னைச் செப்பனிட்டுக் கொள்வது. சுமை மீண்டும் மீண்டும் ஏறி, செப்பனிடும் வேகத்தைச் சிதைவின் வேகம் விஞ்சும்போது மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றுகின்றது. பிரஷ்ய இராணுவ மருத்துவரான பிரைத்ஹௌப்ற் 1855இல் அணிநடைச் சிப்பாய்களின் பாத வீக்கத்தை விவரித்ததிலிருந்து இதன் மருத்துவ வரலாறு தொடங்குவதாகக் கொள்வர். பின்னர் நெடுந்தூர ஓட்டக்காரரிடமும் பயிற்சிப் படைப் பெண்களிடமும் இடுப்பு வளையத்தின் முன்புறப் பூப்பென்பில் இவ்வகை முறிவு காணப்பட்டது. இவை நல்ல என்பில் மிகைச் சுமையால் நேர்பவை. இன்னொரு வகை இதற்கு மறுதலையானது: என்பே நலிந்திருக்க, அன்றாட நடையே போதுமான சுமையாகிவிடும். மாதவிடாய் நின்ற பெண்களின் என்பு நலிவு, விற்றமின் டீ குறைவால் வரும் என்பு மென்மை, நெடுநாள் ஸ்டெரொயிட் மருந்து, அடிவயிற்றுப் புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை ஆகியன இதற்குக் காரணங்கள். முள்ளந்தண்டின் அடியிலுள்ள திருவென்பில் இது பெரிதும் நேர்கின்றது.

செங்குத்தான மலையில் கொழுந்துச் சுமையுடன் ஏறி இறங்கி, பால் சேராத தேநீரும் ரொட்டியும் உண்டு, பல மகப்பேறு கண்டு ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் இவ்விரு வகைக் காரணங்களும் ஒருங்கே சேரக்கூடும் என்பது சொல்லாமலே விளங்கும். வெயிலில் நின்று உழைப்பவளுக்கு விற்றமின் குறைவு வராதே என்று ஒருவர் வாதிடலாம். வாதம் நியாயமானதே, ஆயினும் அது ஒரு காரணத்தையே நீக்குகின்றது, நோயை அன்று.

முதல் வாரங்களில் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று வாரங்களின் பின் மீளவும் எடுத்தால் குணமாகும் என்பின் தழும்பு தென்படலாம். திருவென்பிலோ அதுவும் அரிது. காந்த அதிர்வுப் படமே உறுதி தரும். 'படத்தில் ஒன்றுமில்லை' என்ற சொல்லுடன் அனுப்பப்பட்டவள் மறுநாளே பிரட்டுக்களத்தில் நிற்கிறாள். நிற்காவிட்டால் பேர் இல்லை.

இனிப் பதிவுக்கு வருவோம். இலங்கை அரச வைத்தியசாலைகளில் விடுதியில் அனுமதிக்கப்படுவோருக்கு 'பெட் ஹெட் டிக்கெட்' என வழங்கும் நோயாளர் ஏடு உண்டு. நோயாளர் வெளியேறியபின் அவ்வேடு பதிவறையைச் சேரும். அங்குள்ள அலுவலர் மருத்துவர் எழுதிய நோய்ப் பெயரைச் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தின்படி குறியீடாக்குவார். சுகாதார அமைச்சின் புள்ளிவிவரம் இவ்வாறே உருவாகின்றது. 1893இல் பேர்ட்டியோன் வகுத்த மரணக் காரணப் பட்டியலின் வழித்தோன்றல் இவ்வகைப்பாடு; 1948 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. இங்கு ஓர் அடிப்படை விதி நோக்கற்பாலது: குறியீடு இடுபவர் நோயை ஊகிக்கலாகாது, எழுதப்பட்டதையே குறிக்க வேண்டும்.

'முதுகுவலி' என்று எழுதினால் எம் 54.5. 'பூப்பென்பு முறிவு' என்று மட்டும் எழுதினால் எஸ் 32.5; இது காயங்களுக்குரிய அத்தியாயம், விழுந்தவருக்கும் வாகனம் மோதியவருக்கும் உரியது. 'அயர்வு முறிவு' என்று எழுதினால்தான் எம் 84.3, இடத்தைச் சுட்டும் ஐந்தாம் இலக்கமாக 5 சேர்த்தால் இடுப்பும் தொடையும் சார்ந்தது எனத் தெளிவாகும். என்பு நலிவால் முறிந்ததென்றால் எம் 80. தொழிலால் வந்த நோய் எனக் காட்ட ஒய் 96 என்ற துணைக் குறியீடும், ஓயாத அசைவைக் காட்ட எக்ஸ் 50உம் உள. அமெரிக்கர் 2015 ஒக்ரோபர் முதல் கையாளும் தமது விரித்த பதிப்பில் எம் 84.350 என இடுப்புக்கே தனியிலக்கம் வைத்து, முதற் சிகிச்சையா, தொடர் சிகிச்சையா, என்பு பொருந்தத் தாமதமாகிறதா என்பதற்கும் எழுத்துச் சேர்க்கின்றனர். அங்கே காப்புறுதிப் பணம் இவ்வெழுத்துகளைப் பற்றி நிற்பதால் அத்துணை நுட்பம்! இலவச வைத்தியம் உள்ள எமது நாட்டில் குறியீட்டைப் பற்றி எவரும் வழக்காடுவதில்லை. பிழை பிழையாகவே தங்கிவிடுகின்றது.

இதனினும் பெரிய ஓட்டை ஒன்றுண்டு. நோய்வாரிக் கணக்கு விடுதி நோயாளரைப் பற்றியது மட்டுமே. வெளிநோயாளர் பிரிவில் வலிமாத்திரை பெற்றுத் திரும்புபவள் வருகை எண்ணிக்கையில் ஒருத்தி. அவளது நோய் எந்தக் கட்டத்திலும் விழுவதில்லை. அயர்வு முறிவுக்கு ஓய்வே முதன்மையான மருந்தாதலால் விடுதியில் சேர்க்கப்படுவோர் சிலரே. ஆகவே அட்டவணையின் வெறுமையைக் கொண்டு தோட்டங்களில் இந்நோய் இல்லை என முடிவுகட்டுவது பொருந்தாது.

சட்டத்திலும் இதன் எதிரொலி உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழிலின்போது நேர்ந்த 'விபத்து' என்னும் கருத்தை மையமாகக் கொண்டது. விபத்துக்கு நாளும் நேரமும் உண்டு. பல்லாயிரம் படிகளில் சிறுகச் சிறுக முறிந்த என்புக்கு நாள் ஏது? ஏட்டில் தொழிலும் சுமையும் காலமும் எழுதப்படாதவிடத்து வாதிடுவதற்கே பிடி இல்லை.

தேவைப்படுவது பெருஞ்செலவன்று. வலி முதுகிலா, கவட்டிலா, பிட்டத்திலா? சுமையேறும்போது கூடி, படுத்தால் குறைகின்றதா? விழுந்ததுண்டா? இம்மூன்றையும் தமிழிற் கேட்டு, விடையை ஏட்டில் ஒரு வரியாக எழுதினால் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த நாடு இது. கலைச்சொல் இல்லை என்று சாட்டுச் சொல்வதற்கில்லை. நோயாளி கையில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கப்படும் 'டயக்னோசிஸ் கார்ட்' பின்னர் தோட்டத்து மருந்தகத்துக்குப் போகும். அதில் 'முதுகுவலி' என்றிருந்தால் அவளுக்குக் கிடைப்பது எண்ணெயும் மாத்திரையும். 'அயர்வு முறிவு, ஆறு கிழமை சுமை தூக்கலாகாது' என்றிருந்தால், இலகுவான வேலை கேட்பதற்கு அவள் கையில் ஒரு தாளாவது இருக்கும்.