ஸ்கொட்லாந்துச் சாரமும் கண்டித் தெருப் பேச்சும்

கில்ட் என்பது ஸ்கொட்லாந்து மலைநாட்டு ஆண்களின் இடுப்பாடை. கட்டம் போட்ட கம்பளித் துணி. நல்ல கில்ட் ஒன்றுக்கு எட்டு யார் வரை பிடிக்கும். பின்புறம் நெருக்கமான மடிப்புகள், முன்புறம் ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு தலைப்புகள், முழங்காலோடு நின்றுவிடும் நீளம். சாரம் கட்டிப் பழகிய இலங்கையருக்கு இதில் புரியாதது எதுவுமில்லை. ஆனாலும் கண்டியில் ஒருவர் கில்ட்டோடு பஸ் ஏறினால், உட்கார இடம் கிடைக்குமுன் பேச்சு கிடைத்துவிடும்.

இது யோசிக்க வேண்டிய விஷயம். ஏனென்றால் காற்சட்டை இல்லாத ஆண் இந்த ஊருக்குப் புதினமில்லை. கண்டியிலிருந்து தலாத்துஓயாவுக்குப் போகும் பாதையில் உள்ள அம்பிட்டியவில் 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் விருப்பப்படி குருமடம் தொடங்கியது. அது 1955இல் புனேக்கு மாற்றப்பட்ட பிறகும், தேசிய குருமடம் அம்பிட்டியவில் இருக்கிறது. கணுக்கால் வரை வெள்ளை அங்கி தொங்க நடந்துபோகும் ஆண்களை அம்பிட்டிய நூறாண்டுக்கு மேலாகப் பார்த்து வருகிறது. பிக்குமாரின் சீவரம், கடைக்காரரின் சாரம், கோவில் நாளில் வேட்டி எல்லாம் அதே தெருவில்தான். எசல பெரஹராவில் தலதா மாளிகைப் பொறுப்பாளரான தியவடன நிலமே பல யார் துணி சுற்றி வருகிறார். வெஸ் நடனக் கலைஞர்கள் மடிப்பு மடிப்பான இடுப்பாடை சுழல ஆடுகிறார்கள். பார்க்கிறவர்கள் கும்பிடுகிறார்கள், கைதட்டுகிறார்கள். தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் அரைக்காற்சட்டையும் நீளக் காலுறையும் கில்ட் காட்டும் அதே முழங்காலைத்தான் காட்டுகின்றன. எந்தத் தொழிலாளியும் அதைப் பார்த்துச் சிரித்ததாகத் தெரியவில்லை. சிரித்தாலும் துரைக்குக் கேட்கும்படி சிரித்திருக்கமாட்டார்.

ஆகவே நக்கல் பிறப்பது துணியிலிருந்தல்ல. யார், எங்கே, எந்த அதிகாரத்தோடு உடுத்துகிறார் என்பதிலிருந்து அது பிறக்கிறது. கில்ட்டின் சொந்த வரலாறும் இதையே சொல்கிறது. 1745ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்துக் கிளர்ச்சிக்குப் பிறகு பிரித்தானியப் பாராளுமன்றம் மலைநாட்டு உடையைத் தடை செய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782இல்தான் தடை நீங்கியது. அரச படையில் இருந்த மலைநாட்டு வீரர்களுக்கு மட்டும் அந்த உடை அனுமதிக்கப்பட்டிருந்தது. பிறகு 1809இல், ஆள் சேர்ப்பதற்கு இடைஞ்சல் என்று சில படைப்பிரிவுகளிடமிருந்து அதையும் பறித்தார்கள். 1818 கண்டிக் கலகத்தை அடக்குவதில் ஈடுபட்ட 73ஆம் படைப்பிரிவு அப்படிக் கில்ட்டை இழந்த பிரிவுகளில் ஒன்று.

1822 ஓகஸ்டில் நான்காம் ஜோர்ஜ் மன்னரே எடின்பரோவில் கில்ட்டோடு தோன்றினார். பருத்த உடம்பு, குட்டையான கில்ட், உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் இறுக்கமான காலுடை. கேலிச்சித்திரக்காரர்கள் விடுவார்களா? மன்னர் இங்கே தங்குவது சொற்ப நாள்தானே, அவரை எவ்வளவு அதிகமாகப் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது என்று ஒரு சீமாட்டி சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. ஆனால் மன்னர் உடுத்தினார் என்ற ஒன்றே போதுமாயிருந்தது. தடைசெய்யப்பட்ட உடை சில பத்தாண்டுகளில் விருந்து மண்டபத்து உடையாகிவிட்டது.

இலங்கையில் கதை எதிர்த்திசையில் போனது. இங்கே காற்சட்டைதான் படிப்புக்கும் பதவிக்கும் அடையாளமாயிற்று. சாரமும் வேட்டியும் வீட்டோடும் வயலோடும் நின்றன. கரையோர முதலியார்மார் காற்சட்டை போட்டு அதன்மேல் துணியும் சுற்றி இரண்டு பக்கத்தையும் சமாளித்தார்கள். கண்டியில் வசித்த ஆனந்த குமாரசுவாமி 1905இல் இரவல் இறகுகள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு பிரசுரத்தை அங்கேயே அச்சிட்டார். சொந்த உடைக்கு வெட்கப்பட்டு ஐரோப்பிய உடையைத் தவறாகப் போட்டுக்கொள்ளும் இலங்கையரைப் பற்றிய விசனம் அது. அவர் தலைமையில் அமைந்த இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தின் கவலைகளிலும் உடை ஒன்றாயிருந்தது. இன்று பஸ்ஸில் ‘களுசான் எங்கே’ என்று கேட்கும் இளைஞன் குமாரசுவாமியை வாசித்திருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து அளவுகோல் அவன் கையில் இன்னும் இருக்கிறது.

அதே கேள்வி காந்தியிடமும் கேட்கப்பட்டது. 1921 செப்டெம்பரில் மதுரையில் அரைத்துண்டுக்கு மாறிய அவர், 1927 நவம்பரில் கண்டிக்கு வந்தபோதும் அதே கோலத்தில்தான் வந்தார். 1931இல் சர்ச்சில் அவரை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏசினார். அதே ஆண்டு லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு சிறுவன் ‘காந்தி, உங்கட காற்சட்டை எங்கே?’ என்று கத்தியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கிங்ஹாம் மாளிகை விருந்துக்கும் அந்த உடையிலேயே போய்வந்து, எங்கள் இருவருக்கும் போதுமான அளவு மன்னரே உடுத்தியிருந்தார் என்றார். சிறுவனுக்குச் சிரிப்பு, பத்திரிகைக்காரருக்கு ஒரு வரி. கில்ட் அணிகிறவருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைப்பது கடினம்.

தெருவில் வரும் பேச்சில் பெரும்பங்கு வெறும் விடுப்பு. ‘இது என்ன உடுப்பு? குளிராதா? எங்கே வாங்கினது?’ இவற்றை அவமானமாக எடுத்துக்கொள்வது அணிகிறவரின் தவறு. அடுத்தது பகிடி. அம்பிட்டிய பஸ்ஸில் ‘என்ன அண்ணே, அக்காட பாவாடையா?’ என்று பின்னாலிருந்து குரல் வந்தால், திரும்பி ‘இல்ல தம்பி, ஸ்கொட்லாந்துக்காரன்ட சாரம்’ என்று சொன்னால் போதும். அந்த வார்த்தைக்குப் பிறகு பேச்சு பெரும்பாலும் சாரத்தைப் பற்றியும் தேயிலைத் துரைமாரைப் பற்றியும் திரும்பிவிடும். லூல்கந்துரவில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர், அவர் கண்டி மஹய்யாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டவர் என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லவும் கூடும்.

பதில் ஒரு வசனத்தைத் தாண்டாதிருப்பது நல்லது. கில்ட்டின் வரலாறு முழுவதையும் ஒப்புவிக்கத் தொடங்கினால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் பகிடி விட்டவன் பின்வாங்க இடமில்லாமல் இன்னொன்று சொல்வான். ‘நான் பொம்பிளையில்ல’ என்று கோபப்படுவது எல்லாவற்றிலும் மோசமான பதில். பெண்ணாக இருப்பது இழிவு என்று ஏசுகிறவன் நினைப்பதை ஏசப்படுகிறவரும் ஒப்புக்கொண்டதாகிவிடும். குடித்தவனுக்குப் பதிலே வேண்டாம். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்கலாம். உடுத்தும் முறையும் பாதி வேலையைச் செய்யும். உட்காரும்போது பின்மடிப்புகளைக் கையால் தடவிச் சேர்த்து, முழங்கால்களை நெருக்கி, முன்னால் தொங்கும் தோற்பையை மடியில் விட்டால் யாரும் குனிந்து பார்க்க ஒன்றும் இராது. அடிக்கடி கீழே இழுத்து விடுகிறவரின் தயக்கத்தைத்தான் நக்கல்காரர் முதலில் கண்டுபிடிக்கிறார்.

வாசலில் நிறுத்தப்படுவது வேறு சங்கதி. அங்கே பகிடி உதவாது. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றம் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் வேட்டிக்காக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். இலங்கை அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை கடை, உணவகம், ஹோட்டல் போன்ற இடங்களுக்குள் போவதற்கு இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றின் பேரில் தடை கூடாது என்கிறது. உடை அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ஹோட்டல் விருந்துக்குக் கில்ட்டில் போக நினைப்பவர் முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்பது புத்திசாலித்தனம்.

கை நீளும் இடத்தில் பொறுமைக்கு வேலையில்லை. உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டுக் கில்ட்டைத் தூக்கிப் பார்ப்பது ஸ்கொட்லாந்திலேயே பெரிய தொல்லை; இன்வர்னஸ் நகரில் வாடிக்கையாளர்களின் கை தாங்காமல் ஊழியர்கள் கில்ட்டைக் கைவிட்ட மதுக்கடையும் உண்டு. ஆடைக்கு அடியில் படமெடுப்பதைக் குற்றமாக்கி 2019இல் இங்கிலாந்தில் வந்த சட்டம் கில்ட் அணிந்த ஆண்களையும் காக்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995 திருத்தத்தின்படி, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை தருவதற்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. பாதிக்கப்பட்டவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. நடந்த இடம், நேரம், பஸ்ஸானால் அதன் இலக்கத் தகடு, பார்த்தவர் ஒருவர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 119க்கு அழைக்கலாம், அல்லது அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதலாம். பஸ்ஸுக்குள் நடந்தால் முதலில் நடத்துநரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பின்னர் சாட்சி சொல்ல ஆள் தேடும்போது அது உதவும்.