பெயர் வெட்டாத ஃபிரேம்

சீனாவில் ஃபாக்டரியிடமிருந்தே நேராக வாங்கிய கார்பன் ஃபிரேமில் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் முதலில் கேட்பது இதைத்தான்: “நடுரோட்டில் ரெண்டா உடைஞ்சிடாதா?” கேள்வியில் தப்பில்லை. ஆனால் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறார். டீ இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, மெதுவாகவே போகலாம். இந்த ஃபிரேம் எங்கே, யார் கையால் உருவாகிறது என்று தெரிந்துவிட்டால் அந்தப் பயம் தன் சரியான அளவுக்குச் சுருங்கிவிடும்.

தைவானுக்கு நேர் எதிரே, சீனாவின் தென்கிழக்குக் கரையில் ஷியாமென் என்று ஒரு துறைமுக நகரம். 1980-ல் சீனா திறந்துவிட்ட முதல் நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் அதுவும் ஒன்று, ஷென்ஜென் இன்னொன்று. தைவானில் தாய்ச்சுங் வட்டாரத்துக் கம்பெனிகள் டென்னிஸ் ராக்கெட் செய்து கார்பன் வேலையில் கை தேர்ந்திருந்தன. உள்ளூரில் கூலி ஏறியதும் பல கம்பெனிகள் கடலைத் தாண்டி வந்து கொட்டகை போட்டன. இன்று தாய்ச்சுங்கிலும் ஷியாமெனிலும் ஃபாக்டரி வைத்திருக்கும் டாப்கீ, ராக்கெட்டிலிருந்து சைக்கிளுக்கு வந்த கம்பெனிதான். ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர் தாங்கிய விலையுயர்ந்த கார்பன் சைக்கிள்களில் பெரும்பகுதி சீனாவிலோ தைவானிலோ வார்க்கப்பட்டதுதான். ஆகவே ‘சீனா கார்பன்’ என்று ஒரு தனிச் சாதி கிடையாது.

உண்மையான வித்தியாசம் அச்சு யாருடையது என்பதில் இருக்கிறது. கார்பன் ஃபிரேம் செய்ய இரும்பில் கடைந்த கனமான அச்சு வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி அச்சு, ஒவ்வொன்றுக்கும் பெரிய முதலீடு. பெரிய பிராண்டுகள் தங்கள் வடிவத்துக்கென்று அச்சு செய்து ஃபாக்டரியில் வைத்திருக்கும். அதில் வேறு யாருக்கும் ஃபிரேம் எடுக்கக் கூடாது. ஃபாக்டரியே தன் செலவில் செய்து வைத்திருக்கும் அச்சும் உண்டு. அதை ‘ஓபன் மோல்ட்’ என்பார்கள். யார் காசு கொடுத்தாலும் அதில் ஃபிரேம் எடுத்துக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு வாங்கும் எவர்சில்வர் பாத்திரம் மாதிரிதான். பாத்திரம் எல்லாம் ஒன்று, வெட்டும் பெயர்தான் வேறு. ஐரோப்பாவில் சின்னச் சின்னக் கம்பெனிகள் பல இப்படி வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்றிருக்கின்றன. பெயர் வெட்டாமலே நாம் நேராக வாங்குகிறோம், அவ்வளவுதான். ஹாங்ஃபூ, டெங்ஃபூ, கார்போண்டா, லைட்கார்பன் என்பவை இந்த வட்டத்தில் அடிக்கடி அடிபடும் பெயர்கள். ரிம் என்றால் லைட் பைசைக்கிள், ஃபார்ஸ்போர்ட்ஸ். வின்ஸ்பேஸ், யோலியோ போன்றவை தாங்களே பிராண்டாக வளர்ந்துவிட்டன. 2025-ல் ஷென்ஜென்னின் எக்ஸ்.டி.எஸ். கம்பெனி அஸ்தானா அணிக்குப் பெயர் கொடுத்து, தன் எக்ஸ்-லேப் சைக்கிளில் உலகின் முதல்தரப் போட்டிகளுக்கே அதை அனுப்பியது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதன் பக்கமே போகாதீர்கள். பிரபல பிராண்டின் பெயரை அப்படியே அச்சடித்து, பத்தில் ஒரு பங்கு விலைக்கு வரும் போலி. இத்தாலியப் பினரெல்லோவுக்குப் போலி வந்தபோது சைக்கிள்காரர்கள் அதைச் ‘சைனாரெல்லோ’ என்று கேலி செய்தார்கள். வெளி வடிவத்தைப் பார்த்து நகலெடுத்துவிடலாம். உள்ளே எந்த இடத்தில் எத்தனை படலம், எந்தக் கோணத்தில் என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. செய்தவன் தன் பெயரையே மறைக்கும் பொருளில் எழுபது கிலோ உடம்பை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தப் படலங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எல்லாமே அங்கேதான் தீர்மானமாகிறது. கார்பன் இழை ஏழு மைக்ரான் தடிமன், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. இழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, பிசினில் தோய்த்து, துணி மாதிரி சுருட்டி வைப்பார்கள். அந்தப் பிசின் சாதாரண வெப்பத்தில் தானாகவே மெல்ல இறுகத் தொடங்கும் என்பதால் சுருளைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். எந்திரம் அதை வெட்டிக் கொடுக்கும். ஒரு ஃபிரேமுக்குச் சில நூறு துண்டுகள். அவற்றை அடுக்குவது இன்றைக்கும் மனிதக் கைதான். இழை ஓடும் திசையில்தான் அதற்குப் பலம். அதனால் ஒரு படலம் குழாயின் நீளத்தில், ஒன்று நாற்பத்தைந்து பாகையில், ஒன்று குறுக்கே என்று போகும். பெடல் மிதி முழுக்க இறங்கும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியும், ஹேண்டில் குழாயைச் சுற்றியும் படலங்கள் கூடும். குழாயின் நடுவே குறையும். அடுக்கியதை அச்சில் வைத்து மூடி, உள்ளிருக்கும் பலூனில் காற்றை ஏற்றி, நூறு டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். காற்று வெளிப்பக்கமாகத் தள்ள, படலங்கள் அச்சோடு நசுங்கி ஒன்றாகும்.

குறை நுழைவதும் இந்தக் கட்டத்தில்தான். மூலை முடுக்கில் பலூன் சரியாக அழுத்தாவிட்டால் அங்கே பிசின் தேங்கும், இழை மடிந்து சுருக்கம் விழும், காற்றுக் குமிழ் நிற்கும். வெளியே தெரிவதையோ பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்து வழவழப்பாக்கிவிடலாம். மெல்போர்னில் ரவுல் லூஷர் என்று ஒரு கார்பன் எஞ்சினியர் இருக்கிறார். ஃபிரேம்களை ரம்பத்தால் அறுத்தும், அல்ட்ராசவுண்ட் வைத்தும் உள்ளே இருப்பதை வீடியோவில் காட்டுவார். அதைப் பார்த்தால், விலைச் சீட்டுக்கும் உட்புறச் சுத்தத்துக்கும் எப்போதும் ஒரே உறவு இல்லை என்பது புரியும்.

விற்பவர்கள் ‘டி700’, ‘டி800’, ‘டி1000’ என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். ஜப்பானின் டோரே கம்பெனி தன் இழைகளுக்கு வைத்த எண்கள் அவை. எண் ஏறினால் ஃபிரேம் கெட்டி என்று அர்த்தமில்லை. டி700 இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல், டி800-க்கு 294. இன்னும் விறைப்பான எம்40ஜே இழைக்கு 377. ஆனால் டி700 தன் நீளத்தில் 2.1 சதவீதம் இழுபட்ட பிறகுதான் அறும், எம்40ஜே 1.2 சதவீதத்திலேயே அறுந்துவிடும். விறைப்பான இழையைக் கொண்டு குறைந்த எடையில் வேலையை முடிக்கலாம், ஆனால் அடி வாங்கும் பொறுமை அதற்குக் குறைவு. நல்ல ஃபிரேமில் இரண்டு மூன்று வகை கலந்தே இருக்கும். டி700 என்று அடக்கமாகப் போட்டு, 54 அளவில் ஆயிரம் கிராமுக்குச் சற்று மேலே எடை சொல்லும் ஃபாக்டரியை நான் அதிகம் நம்புவேன். 750 கிராம், டி1000, விலையும் குறைவு என்று மூன்றும் ஒரே வரியில் வந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

சரி, உடையுமா? ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சோதனை விதி இருக்கிறது. ரேஸ் சைக்கிளுக்கான பகுதியில், பெடலில் 1,100 நியூட்டன், அதாவது சுமார் 112 கிலோ பளு, மாறி மாறி 1,00,000 தடவை அழுத்துவார்கள். அது போக முன்னாலிருந்து மோதும் சோதனையும் உண்டு. சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். அறிக்கையையே அனுப்பச் சொல்லுங்கள். அதில் உள்ள மாடல் எண்ணும் ஃபோர்க் எண்ணும் நீங்கள் வாங்கப் போவதுதானா என்று பாருங்கள். தெரிந்த ஃபாக்டரி, சில வருடங்களாக ஓடும் மாடல், பொருந்தும் அறிக்கை, இந்த மூன்றும் இருந்தால் உடைவதைப் பற்றிய கவலையை எந்தக் கார்பன் சைக்கிளுக்கும் உரிய அளவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது காசு எங்கே மிச்சமாகிறது என்று பார்ப்போம். இழையில் இல்லை, பிசினில் இல்லை. விளம்பரம், அணிக்குக் கொடுக்கும் ஸ்பான்சர் பணம், மொத்த வியாபாரி, கடைக்காரர் ஆகிய நடுப்படிகளில்தான் மிச்சம். ஆனால் அந்தப் படிகள் சும்மா நிற்கவில்லை. பிராண்டின் ஆள் ஃபாக்டரிக்குப் போய்ச் சரக்கைச் சோதித்து, மட்டமானதைத் திருப்பி அனுப்புவார். கடைக்காரர் உங்களுக்கு எந்த அளவு என்று சொல்லி, பூட்டிக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரும் சத்தத்துக்கும் பதில் சொல்வார். நேராக வாங்கும்போது இந்த இரண்டு பேர் வேலையும் உங்கள் தலையில். இரண்டு வருட வாரண்டி என்று போட்டிருந்தாலும், அந்தப் பெரிய பெட்டியைத் திருப்பி அனுப்பும் கூலியும் வரும்போது கட்டிய சுங்க வரியும் யார் கணக்கு என்பதை முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

அளவு விஷயத்தில் ‘ஐந்தடி எட்டங்குலத்துக்கு எம்’ என்ற பட்டியலை மறந்துவிடுங்கள். ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்கள் போதும். பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்பதுதான் அவை. இப்போது சுகமாக ஓட்டும் சைக்கிளில் அவற்றை அளந்து ஃபாக்டரி வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்து 1.4 பக்கம் வந்தால் குனிந்து ஓட்டும் பந்தய வாகு, 1.5-ஐத் தாண்டினால் நிமிர்ந்த வாகு. ஹேண்டில் குழாயின் சாய்வையும் கவனியுங்கள். அதே ஃபோர்க்கோடு ஒரு பாகை கூடச் சாய்ந்தால் ‘டிரெயில்’ என்ற முன்சக்கர அளவு சுமார் ஆறு மி.மீ. கூடி, திருப்பும்போது வண்டி நிதானமாகும்.

அடுத்தது பாட்டம் பிராக்கெட். இதில் நான் பிடிவாதக்காரன், மரை வைத்ததுதான் வேண்டும். மரையில்லாமல் பேரிங் கப்பை அழுத்திப் பொருத்தும் வகைகளில், உதாரணமாக 41 மி.மீ. துளையுள்ள பி.பி.86-ல், துளை நூறில் சில பங்கு மி.மீ. பிசகினாலும், இரண்டு பக்கத் துளைகளும் ஒரே கோட்டில் இல்லாவிட்டாலும் சத்தம், பேரிங் தேய்மானம் என்று தொல்லை தொடங்கும். அச்சிலிருந்து வந்த கார்பனில் அந்தத் துல்லியம் கொண்டுவருவது பெரிய பிராண்டுகளுக்கே தகராறுதான். மரை வகையில் அலுமினியக் குழல் ஒன்றைக் கடைந்து உள்ளே ஒட்டியிருப்பார்கள், பிழைக்கு இடம் குறைவு. மரை வகையிலேயே புதியது டி47. பழைய பி.எஸ்.ஏ. வகைக்கு 1.37 அங்குலக் குறுக்களவு, அங்குலத்துக்கு 24 மரை, செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை. பர்மிங்ஹாமின் துப்பாக்கிக் கம்பெனி விட்டுச் சென்ற அளவு அது. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆரின் தலையில் இருந்ததும் அதே கம்பெனியின் பெயர்தான்.

கேபிள்களை ஹெட்செட், அதாவது ஹேண்டில் குழாயின் பேரிங், வழியாகவே நுழைத்து மறைக்கும் ஃபிரேம் பார்க்க அழகு. ஆனால் மழையில் ஓட்டுபவருக்கு மேல் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதை மாற்ற ஹைட்ராலிக் பிரேக் குழாயையே கழற்ற வேண்டிவரலாம். கையில் கருவி இல்லாதவருக்கு அந்த அழகு வேண்டாம்.

பெட்டி வந்ததும் பூட்ட அவசரப்படாதீர்கள். டார்ச் அடித்துப் பாட்டம் பிராக்கெட் வழியாக உள்ளே பாருங்கள். பலூன் கிழிசல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பது பரவாயில்லை. இழை மடிப்பும் பிசின் கட்டியும் தெரிந்தால் படமெடுங்கள். பின் சக்கரம் மாட்டும் இடத்திலிருந்து ஹேண்டில் குழாயைச் சுற்றி மறுபக்கத்துக்கு நூல் பிடித்து, சீட் குழாயிலிருந்து இரண்டு பக்கமும் சம தூரமா என்று அளந்து பாருங்கள். மரையில்லாத வகையை வாங்கியிருந்தால், துளையை வெர்னியரால் இரண்டு மூன்று திசைகளில் அளந்து எழுதி வைக்க வேண்டும். பிரேக் உட்காரும் முகத்தில் பெயின்ட் படிந்திருந்தால் அதைச் சமமாக்காமல் பிரேக் உரசுவதை நிறுத்த முடியாது.

பூட்டுவதில் ஒரு கருவிக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது, டார்க் ரெஞ்ச். சீட் கிளாம்ப்புக்கும் ஸ்டெம்முக்கும் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும், போல்ட் பக்கத்தில் அச்சிட்டிருப்பதே முடிவு. கைப் பழக்கத்தில் ‘இன்னும் ஒரு பிடி’ கொடுப்பது இரும்புக் குழாய்க்குச் சரி, கார்பனை நசுக்கிவிடும். சீட் போஸ்டுக்குக் கிரீஸ் வேண்டாம், மணல்போல் நெருடும் கார்பன் பேஸ்ட் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே பிடிக்கும். ஃபோர்க்கின் ஸ்டியரர் குழாய்க்குள் ஸ்டார் நட்டை அடிக்கவே கூடாது, கார்பனைக் கிழித்துவிடும். அதற்கென்று விரியும் பிளக் இருக்கிறது. அலுமினிய போஸ்ட் போடுபவர்கள், முக்கியமாகக் கடற்கரை ஊர்க்காரர்கள், அதை அவ்வப்போது கழற்றித் துடையுங்கள். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு வியர்வை இறங்கினால் அலுமினியம் அரித்து, போஸ்ட் குழாயோடு ஒட்டிவிடும்.

ஓட்டும்போது எப்படி இருக்கும்? ‘கார்பன் அதிர்வை உறிஞ்சும்’ என்று விளம்பரம் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்யுங்கள். மேலும் கீழுமாக ஃபிரேம் வளைவது மிகச் சொற்பம். சுகத்தைத் தருவது டயரும், நீட்டிக்கொண்டிருக்கும் சீட் போஸ்டும். அதனால் 32 மி.மீ. டயர் நுழையும் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்து, நூறு பி.எஸ்.ஐ. ஏற்றும் பழைய பழக்கத்தை விட்டு, உங்கள் எடைக்கேற்ப அறுபதுக்கு அருகே வைத்துப் பாருங்கள். ஃபிரேமுக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் கிடைக்காத சுகம் அதில் கிடைக்கும். ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது மட்டும் கார்பனின் குணம் தெரியும். மிதி வீணாகாமல் பின் சக்கரத்துக்குப் போகும்.

சில வாரத்தில் எங்கிருந்தோ ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வரலாம். எல்லோரும் பாட்டம் பிராக்கெட்டைத்தான் திட்டுவார்கள். முதலில் எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட்டோ போஸ்டோதான் காரணம், கழற்றித் துடைத்துப் பேஸ்ட் போட்டால் போதும். மிதிக்காமல் உருளவிடும்போதும் வந்தால் சக்கர ஆக்சிலும் ஹெட்செட்டும். ஒரே காலின் மிதிக்கு மட்டும் வந்தால் அந்தப் பக்கத்துப் பெடலைக் கழற்றி மரைக்குக் கிரீஸ் வையுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் அடங்காவிட்டால்தான் பாட்டம் பிராக்கெட். மரையில்லாத ஃபிரேம் என்றால், பெட்டி பிரித்த அன்று எழுதி வைத்த வெர்னியர் அளவைத் தேடி எடுங்கள். ‘சத்தம் வருகிறது’ என்று எழுதினால் ஃபாக்டரியிலிருந்து கைகூப்பும் பொம்மைதான் வரும். துளை இந்தத் திசையில் இவ்வளவு, அந்தத் திசையில் இவ்வளவு என்று படத்தோடு அனுப்பினால் பேச்சு வேறு மாதிரி போகும்.