ஊருக்கொரு கணினி, ஆளுக்கொரு கணினி

புதுச்சேரியை அடுத்த மூலக்குளத்தில் இன்று கணினி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேசைமேல் இருக்கும் கணினியைச் சொல்லவில்லை; சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடக்கிற செல்போனைச் சொல்கிறேன். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370 கணினியை வைக்கக் குளிரூட்டிய கூடம் வேண்டியிருந்தது. அதைவிடப் பல மடங்கு ஆற்றல் கொண்ட கருவியை இன்று பூக்கார அம்மா கூடைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு பேரனோடு பேசுகிறார். இது சின்ன மாற்றமல்ல. ஆனால் இந்த மாற்றத்தின் வரலாற்றில் ஒரு பகுதி மூலக்குளத்துக்குப் பக்கத்து ஊர்களிலேயே நடந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவே இல்லை.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே வந்தால் இந்திரா காந்தி சிலை, ரெட்டியார்பாளையம், அடுத்து மூலக்குளம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் அரும்பார்த்தபுரம், வில்லியனூர். இந்தியாவின் கிராமங்களுக்குக் கணினி எப்படி வரலாம் என்று உலகமே திரும்பிப் பார்த்த ஒரு முயற்சி அந்த வில்லியனூரில்தான் மையம் கொண்டிருந்தது.

தட்டச்சுப் பள்ளியும் எஸ்.டி.டி. பூத்தும்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு விடுமுறையில் போன இடம் தட்டச்சுப் பள்ளி. ஆங்கிலம் லோயர், ஹையர், பிறகு தமிழ். அரசு வேலைக்கு அது ஒரு நுழைவுச் சீட்டு. வெளிநாட்டுச் செய்தி என்றால் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத். பிரான்சில் பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. கட்டணம் குறையும் இரவு நேரம் பார்த்துக் காத்திருந்து, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்தபடியே பேசி முடிப்பார்கள். சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. பெருநகரங்களில் ஆரம்பித்த அந்தச் சேவைக்கான கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. பலகைத் தடுப்புக்குள் ஒரு கணினி, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம், தேர்வு முடிவு வரும் நாளில் வாசல்வரை கூட்டம். மகனின் பதிவெண்ணை அப்பா ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் அடித்துப் பார்த்து மதிப்பெண்ணைச் சொல்வார். அந்தக் கடைக்காரர் அப்போது ஏறக்குறைய ஒரு வாத்தியார்.

வில்லியனூர் வழியாக வந்த சேதி

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பு தந்த நிதியுதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வி. பாலாஜி, சுப்பையா அருணாசலம் போன்ற அறிஞர்கள் அதற்குத் துணை நின்றார்கள். கிராமங்களில் நம்பத்தக்க தொலைபேசி இணைப்பு இல்லை, மின்சாரமும் நிலையில்லை. ஆகவே வில்லியனூர் மையத்தில் தொலைபேசி வழியாக இணையத்தைப் பிடித்து, அங்கிருந்து வி.எச்.எப். வானொலிக் கருவிகள் மூலம் கிராமக் கணினிகளுக்குச் செய்தி அனுப்பினார்கள். சூரிய மின்பலகைகளும் கைகொடுத்தன.

இயந்திர ஏற்பாட்டைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதைச் சுற்றி நின்ற மனிதர்கள்தான். கிராம மக்கள் இடம் கொடுத்தார்கள்; ஆளும் கொடுத்தார்கள். எம்பலத்தில் கோயில் வளாகத்துக்குள்ளேயே கணினி வந்தது. மையம் எந்தச் சாதியினருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது தொடக்க நிபந்தனை. மையங்களை நடத்தியவர்களில் பெரும்பகுதி உள்ளூர்ப் பெண்கள். நெல் விலை, உரம் கிடைக்குமிடம், பேருந்து நேரம், அரசு மருத்துவர் வரும் நாள், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் பட்டியல், அரசின் உதவித் திட்டங்கள் என ஊருக்குத் தேவையானதை ஊராரே சேர்த்துத் தமிழில் கணினியில் ஏற்றினார்கள். எங்கோ எழுதப்பட்ட தகவலுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

கீழூரில் நடந்த ஒன்று நியூயார்க் டைம்ஸ் இதழ்வரை போனது. அந்த இதழ் 2000 மே மாதம் எழுதியதன்படி, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் ஒரே கறவைப் பசு கன்று ஈன முடியாமல் ஐந்து நாளாகத் தவித்தது. ஊர்க் கணினியைச் சம்பளமில்லாமல் நடத்திவந்த இளம்பெண் அதிலிருந்த கால்நடை மருத்துவர் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். அன்றிரவே மருத்துவர் வந்து கன்றை வெளியே எடுத்தார். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை முடிவு செய்ய 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்த அதே கீழூர்தான் இது. அந்த வாக்கெடுப்பு வரலாற்றில் இருக்கிறது. பசுவைக் காத்த கதையும் இருக்கத் தக்கதே.

கடலோர வீராம்பட்டினத்தில் கதை வேறு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரமும் காற்றின் வேகமும் பற்றிய கணிப்பு வெளியாகும். அதை மையத்தார் இறக்கித் தமிழாக்கி ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்பதை மீனவர்கள் கரையில் நின்றபடியே கேட்டு முடிவு செய்தார்கள். கணினியைத் தொட்டே பார்க்காத ஆயிரம் பேருக்கு ஒரு கணினி பயன்பட்டது.

ஒலிபெருக்கி காப்பாற்றிய காலை

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை பார்த்த, புதுச்சேரியின் மீனவ ஊரான நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், இந்தோனேசியாவைச் சுனாமி தாக்கிய செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறி வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் நீர் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தது. ஊரார் தகவல் மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லோரும் ஓடித் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த அந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. அதே காலையில் காரைக்கால் கடற்கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள் என்பதை நினைத்தால் நல்லவாட்டின் பேறு எத்தனை பெரியது என்று விளங்கும்.

அங்கே உயிரைக் காத்தது கணினி அறிவு மட்டுமல்ல. ஆபத்தென்றால் எங்கே ஓடி எதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. அந்தப் பழக்கத்தை உருவாக்கியது ஆறாண்டு உழைப்பு.

எழுத்துச் சிக்கல் தீர்ந்த கதை

அன்றைய கணினியில் தமிழ் எழுதுவது தனிப் போராட்டம். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனிக் குறியீடு. இங்கே அடித்த கடிதத்தை வேறொரு கடையில் திறந்தால் புரியாத குறிகளாகக் கொட்டும். அச்சகத்துக்கு ஃபிளாப்பியோடு எழுத்துருவையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கைத் தந்தது. அதுதான் தமிழ் 99. பிறகு ஒருங்குறி பரவியதும் இங்கே அடிப்பது பாரிசிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் அப்படியே தெரிந்தது. சிங்கப்பூர், மலேசியா, கனடா, இலங்கை, சுவிட்சர்லாந்து எனப் பல நாட்டுத் தமிழர்கள் கூலி பாராமல் பார்த்த வேலை இது. 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்களை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வைத்தது. இன்று எழுத்து தெரியாதவர்கூடச் செல்போனிடம் தமிழில் பேசினால் அது எழுதிக்கொள்கிறது. தட்டச்சுப் பள்ளியில் விரல் நோக உழைத்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

பெட்டி செய்த ஊர்

புதுச்சேரி கணினியைப் பயன்படுத்தியது மட்டுமல்ல, செய்தும் அனுப்பியது. விற்பனை வரிச் சலுகை இருந்ததால் ஹெச்.சி.எல்., விப்ரோ, ஏசர், லெனோவோ ஆகிய நிறுவனங்களின் கணினித் தொழிற்சாலைகள் இங்கே இயங்கின. நம் பிள்ளைகள் கோத்த கணினிகள் நாட்டின் எத்தனையோ மேசைகளுக்குப் போயின. வரி முறை மாறியது, வெளிநாட்டுப் பொருள் மலிந்தது. 2013-ல் ஹெச்.சி.எல்., விப்ரோ இரண்டும் சொந்தப் பெயரில் கணினி தயாரிப்பதை விட்டு விலகின. ஆனாலும் தொழில் இங்கே அற்றுப்போகவில்லை. 2024 செப்டம்பரில், புதுச்சேரித் தொழிற்சாலையில் செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களை ஆண்டுக்கு 50,000 அளவில் தயாரிக்கப் போவதாக லெனோவோ அறிவித்தது. சாட்பாட் என்று நாம் வியக்கிற பேச்சுக்குப் பின்னால் இயங்கும் வகை இயந்திரத்தில் நம் ஊர்க் கைகளும் இருக்கும் என்பது பெருமைதான்.

இன்று: கை நிறையக் கருவி

2016-ல் ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது, செப்டம்பரில் ஜியோ வந்தது, நவம்பரில் பண மதிப்பு நீக்கம் வந்தது. ஒரே ஆண்டில் மூன்றும் சேர்ந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டன. இளநீர் வண்டியில் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. பிரான்சில் இருக்கும் மகள் அடுப்படியில் நிற்கும் அம்மாவிடம் முகம் பார்த்து மணிக்கணக்கில் பேசுகிறாள். இங்கே வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள் தங்கள் நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் இணையத்திலேயே வாக்களிக்கும் வாய்ப்பு 2012 முதல் சில தேர்தல்களில் கிடைத்திருக்கிறது. மீனவருக்கு அலைச் செய்தி ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்திலிருந்து நேராகச் செல்போனுக்கே வருகிறது. சுனாமி எச்சரிக்கை மையமும் 2007 முதல் அங்கே இயங்குகிறது. இவை எல்லாம் மெய்யான முன்னேற்றங்கள்.

ஆனால் சாலையோர ஆன்லைன் சேவைக் கடையில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பம் போட வந்த மாணவி, கூடவே கைபிசைந்து நிற்கும் அப்பா. வருமானச் சான்றுக்கு வந்த தாய். ஆதாரில் செல்போன் எண்ணை மாற்ற வழி கேட்டு வந்த பெரியவர். ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று தர வந்து, விரல்ரேகை பதியாமல் திரும்பத் திரும்பக் கையைத் துடைத்துக்கொள்ளும் பாட்டி. எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. ஓ.டி.பி. எண்ணை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லித்தர ஆள்தான் இல்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிச் சேமிப்பைக் கறப்பவன் குறிவைப்பது இவர்களைத்தான். கடைக்காரர் நல்லவராக அமைந்துவிட்டால் அது அவர்கள் அதிர்ஷ்டம்.

தேநீர்க் கடைப் பலகையில் ஒரு சிறு ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கிறது. பணம் வந்தால் எவ்வளவு என்று கடைக்காரருக்குச் சொல்கிறது. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி ஊருக்குச் சொன்னது. இரண்டும் தேவைதான். முதலாவதை நூறு மடங்கு பெருக்கிய நாம், இரண்டாவதை வளர்க்காமல் விட்டுவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

அன்றைய கிராம மையத்தில் ஒரே கணினி, இணைப்பு மெதுவு, மின்சாரம் போய்ப் போய் வரும். ஆனால் அதன் பக்கத்தில் ஊர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்க வந்தாய் என்று விசாரித்தாள், தேடினாள், படித்துச் சொன்னாள், புரியும்வரை இருந்தாள். இன்று கருவி ஆளுக்கொன்றாகிவிட்டது. அவளுடைய இருக்கை காலியாகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் தானே பார்த்துக்கொள்வான். தெரியாதவன் காசு கொடுத்துக் கேட்க வேண்டும் அல்லது ஏமாற வேண்டும்.

இதைச் சரிசெய்யப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். புதுச்சேரியில் கிளை நூலகங்கள் இருக்கின்றன. சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன. பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினியோடு படித்து முடித்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருக்கிறார்கள். மூலக்குளம் அடங்கிய உழவர்கரை நகராட்சி ஒவ்வொரு வட்டாரத்திலும் பயிற்சி பெற்ற ஒருவரை, கூடுமானவரை ஒரு பெண்ணை, மாலை வேளைகளில் மதிப்பூதியத்தோடு உட்காரவைக்கலாம். விண்ணப்பம் நிரப்பவும், மோசடியை அடையாளம் காட்டவும், அரசுத் திட்டத்தைத் தமிழில் விளக்கவும், பாட்டியின் சான்றைப் பதிந்து கொடுக்கவும் அவர் போதும். யாரும் வரலாம், எந்தச் சாதியும் தடையில்லை, கட்டணம் இல்லை என்ற அந்தப் பழைய நிபந்தனைகளையே எழுதி வாசலில் ஒட்டலாம்.

இது நடக்காத கனவல்ல. இதைவிடக் குறைந்த வசதியோடு, இதே சாலையின் மேற்குக் கோடியில் நம்மவர்களே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நடத்திக் காட்டியது. செய்யத் தெரிந்த ஊர் இது. மூலக்குளம் அதை மறுபடி தொடங்கட்டும்.