எதிர்க்கட்சித் தலைவர்: ஓட்டு உண்டு, ஜெயிக்க வழியில்லை

தமிழகத்தின் 16-ஆவது சட்டப்பேரவையின் ஆயுள் 2026 மே 10-ஆம் தேதியோடு முடிகிறது. அடுத்த முதல்வர் யார் என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஆனால் இந்த வாரம் வந்த வாசகர் கடிதங்களில் முதல்வரைவிட எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றிய கேள்விகளே அதிகம். போட்டியில் முனைகள் கூடியதால் வந்த குழப்பம். இரண்டாவதாக வரும் கட்சிக்குப் பதவி தானாகக் கிடைத்துவிடுமா? வாக்கு சதவீதத்தைப் பார்ப்பார்களா, இடங்களையா? வெளிநடப்பைத் தவிர அந்தப் பதவியால் என்ன பிரயோஜனம்?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். முதல் வரிசை இருக்கை, மானியக் கோரிக்கை மீதான பேச்சு, அமைச்சருக்கு இணையான சம்பளம், அரசு கார் எல்லாம் டிவியில் பார்ப்பவர்களுக்குத் தெரிந்தவை. டிவியில் வராதவை, கோட்டையில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் சில தேர்வுக் கூட்டங்கள். அவற்றில் எதிர்க்கட்சித் தலைவருக்கென்று சட்டமே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது.

மாநிலத் தகவல் ஆணையர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 15(3)-இன்படி மூன்று பேர் கொண்ட குழு சொல்லும் பெயரைத்தான் ஆளுநர் நியமிக்கிறார். முதல்வர் குழுவின் தலைவர். எதிர்க்கட்சித் தலைவர் உறுப்பினர். மூன்றாமவர், முதல்வரே நியமிக்கும் ஓர் அமைச்சர். தமிழகத்தின் லோக் ஆயுக்தாவுக்கு 2018 சட்டப்படி முதல்வர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு முதல்வர், சபாநாயகர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர்.

நடுநிலையான தேர்வு என்று அரசுகள் சொல்லிக்கொள்வது இந்த ஏற்பாட்டைக் காட்டித்தான். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். முதல் குழுவில் 2-1. தன்னை அமர்த்திய முதல்வருக்கு எதிராக அந்த அமைச்சர் வாக்களிக்கப் போவதில்லை. இரண்டாவதிலும் 2-1, சபாநாயகர் ஆளுங்கட்சிப் பெரும்பான்மையால் வந்தவர். மூன்றாவதில் 3-1. அரசின் கோப்பை வெளியே கொடு என்று உத்தரவிட வேண்டியவரையும், அமைச்சர் மீதான ஊழல் புகாரை விசாரிக்க வேண்டியவரையும் அந்த அரசே தேர்ந்தெடுக்கிறது. எதிர்க்கட்சித் தலைவர் சாட்சிக் கையெழுத்துப் போட அழைக்கப்படுகிறார்.

வராமல் இருந்தால்? வேலை நிற்பதில்லை. குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நியமனம் செல்லாமல் போகாது என்று மனித உரிமைச் சட்டம் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டது. 2018 டிசம்பரில் லோக் ஆயுக்தா தேர்வுக் கூட்டத்தை அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க.ஸ்டாலின் புறக்கணித்தார். 2019-இல் லோக் ஆயுக்தா அமைந்துவிட்டது. போனால் தோல்வி, போகாவிட்டால் அவர் இல்லாமலே முடிவு.

மிச்சமிருக்கும் ஒரே ஆயுதம் எழுத்தில் கொடுக்கும் மறுப்புக் குறிப்பு. அதற்கும் விண்ணப்பித்தவர்கள் யார், எந்த அளவுகோலில் பட்டியல் சுருங்கியது என்பது முன்னதாகக் கைக்கு வர வேண்டும். கூட்ட மேசையில் உட்கார்ந்த பிறகு நீட்டப்படும் தாளைப் பார்த்து யாரும் காரணத்தோடு மறுக்க முடியாது. தகவல் ஆணையர் தேர்வில் இந்த விவரங்களை வெளிப்படையாக வைக்க வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் அஞ்சலி பரத்வாஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும், 2023-இல் மத்திய தலைமைத் தகவல் ஆணையர் நியமனத்தில் தன்னை இருட்டில் வைத்துவிட்டார்கள் என்று குழு உறுப்பினரான அதிர் ரஞ்சன் சௌத்ரி புகார் சொன்னார்.

சௌத்ரி அப்போது மக்களவை எதிர்க்கட்சித் தலைவரே அல்ல. காங்கிரஸுக்கு அந்த அங்கீகாரம் கிடைக்கவில்லை. பிறகு எப்படிக் குழுவுக்குள் வந்தார்? தகவல் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு மாற்றுச் சாவி செய்து வைத்திருந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் இல்லையென்றால், எண்ணிக்கையில் பெரிய எதிர்க்கட்சிக் குழுவின் தலைவரையே அப்படிக் கருத வேண்டும் என்கிறது சட்ட விளக்கம். மாநிலத்துக்கும் இதே விளக்கம் உண்டு. சபாநாயகர் மனது வைக்காவிட்டாலும் இந்தக் குழுவுக்குள் நுழையலாம். மத்திய அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பாலுக்கான சட்டத்தில் இது கிடையாது. அதனால்தான், சௌத்ரிக்கு முன் மக்களவையில் காங்கிரஸ் தலைவராக இருந்த மல்லிகார்ஜுன கார்கே, சிபிஐ இயக்குநர் தேர்வுக் குழுவில் முழு உறுப்பினராக இருந்தும், அதே காலத்தில் லோக்பால் குழுவுக்கு வெறும் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிடப்பட்டு, போக மறுத்தார்.

இனி அந்த அங்கீகாரம். மொத்த இடங்களில் பத்தில் ஒரு பங்கு வேண்டும் என்பது நமக்கு மனப்பாடம். அது மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் காலத்து வழக்கம்: ஒரு கட்சி தன் உறுப்பினர்களைக் கொண்டே சபையின் கோரத்தை (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையை) நிரப்ப வேண்டும் என்ற யோசனை. நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவர்களுக்கான 1977 சட்டத்தைப் புரட்டினால் பத்து சதவீதம் என்ற பேச்சே இல்லை. பெரிய எதிர்க்கட்சியின் தலைவராக இருக்க வேண்டும், அவைத் தலைவர் அங்கீகரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கம் என்றால் ஆளுக்கு ஆள் மாறும். 2015-இல் 70 இடங்கள் கொண்ட டெல்லி பேரவையில் பாஜகவுக்கு மூன்றே பேர். விஜேந்தர் குப்தாவுக்குப் பதவி கிடைத்தது. 2024 தேர்தலுக்குப் பின் 288 பேர் கொண்ட மகாராஷ்டிரப் பேரவையில் உத்தவ் தாக்கரேயின் சிவசேனாவுக்கு 20 பேர். 2025 மார்ச்சில் அது பாஸ்கர் ஜாதவ் பெயரை எழுதிக் கொடுத்தது. மாதக்கணக்கில் பதில் இல்லை.

தமிழகக் கணக்கில் 234-க்குப் பத்தில் ஒன்று 23.4, அதாவது 24 பேர். 2011-இல் தேமுதிக 29 இடம் பிடித்தது, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். திமுகவுக்கு 23. 2016 பிப்ரவரியில், பேரவையின் ஆயுள் முடிய மூன்று மாதமே இருந்தபோது, தேமுதிக அதிருப்தி எம்எல்ஏக்கள் எட்டுப் பேர் ராஜினாமா செய்தார்கள். முன்பே ஒருவர் குறைந்திருந்ததால் கட்சியின் பலம் 20 ஆனது, விஜயகாந்தின் பதவி போனது. அந்த நாளில் எதிர்வரிசையில் பெரிய கட்சி 23 பேர் வைத்திருந்த திமுக. ஒருவர் குறைகிறார் என்பதால் அதற்கும் இல்லை. எட்டுக் கடிதங்களில் ஒரு மாநிலத்தின் எதிர்க்கட்சித் தலைவர் பதவியையே காலி செய்ய முடிந்தது. யாரும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வாக்கு சதவீதமா, இடங்களா? இடங்கள் மட்டுமே.

கட்சித் தலைவர் தன் தொகுதியில் தோற்றுவிட்டால்? ஜெயித்த எம்எல்ஏக்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கூட்டணிக் கட்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டலாமா? 2014-இல் மக்களவையில் காங்கிரஸ் காட்டிப் பார்த்தது, எடுபடவில்லை.

ஆளுங்கட்சியோடு சேர்ந்து ஜெயித்த கட்சி எதிர்க்கட்சி ஆகலாமா? ஆகியிருக்கிறது. 1991-இல் காங்கிரஸின் எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம், 1996-இல் தமாகாவின் சோ.பாலகிருஷ்ணன்.

பொதுக்கணக்குக் குழுத் தலைவர் பதவி எதிர்க்கட்சிக்குத்தானே? மரபு அப்படி. 2021-க்குப் பின் அதில் அமர்ந்தவர் திமுக கூட்டணியின் செல்வப்பெருந்தகை.

எதிர்க்கட்சித் துணைத் தலைவர்? கட்சி கொடுக்கும் பதவி. இருக்கையை ஒதுக்குவது சபாநாயகர். ஓ.பன்னீர்செல்வத்தை அதிமுக நீக்கியது 2022 ஜூலையில். எடப்பாடி பழனிசாமியின் பக்கத்து இருக்கை ஆர்.பி.உதயகுமாருக்கு வந்தது 2024 பிப்ரவரியில்.

எதிர்க்கட்சியே இல்லாமல் ஒரு பேரவை நடக்குமா? 2021-இல் நாகாலாந்தில் நடந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டி.ஆர்.ஜெலியாங்கே ஆளும் கூட்டணிக்குத் தலைவரானார்.

எதிர்க்கட்சித் தலைவர் யார் என்பதை வாக்காளர் தீர்மானிக்க முடியுமா? 24 இடம் கொடுத்தால் முடியும். அதற்குக் கீழே கொடுத்தால், ஆளுங்கட்சி தேர்ந்தெடுத்த சபாநாயகர் தீர்மானிப்பார்.