பயணத்துக்கு ஏற்ற சின்னக் கேமரா: பழையதை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை



கொள்முதலுக்காக வெளியூர் செல்லும் நம்மவர்களின் பையில் சாம்பிள் பொட்டலங்கள், சிட்டைப் புத்தகம், மாற்று வேட்டி ஆகியவற்றோடு ஒரு சின்னக் கேமராவும் இருப்பது நெடுநாள் வழக்கம். முதலில் 12 படம் எடுக்கும் ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. பின்னர் 36 படச் சுருள் போடும் யாஷிகா வந்தது. அதன்பின் டிஜிட்டல் கேமரா வந்து பிலிம் செலவை ஒழித்தது. அப்போது வாங்கிய டிஜிட்டல் கேமராக்களில் பல இப்போது மூப்படைந்துவிட்டன. பேட்டரி நிற்பதில்லை, லென்ஸ் பாதியில் சிக்கிக்கொள்கிறது, பழுது பார்க்கப் பாகம் கிடைப்பதில்லை. "புதிதாக எதை வாங்கலாம்?" என்று உறுப்பினர்கள் சிலர் நம்மிடம் கேட்டதால், எங்களுக்குத் தெரிந்தவற்றை இங்கே தருகிறோம்.

செல்போன் இருக்கும்போது கேமரா எதற்கு?

இது நியாயமான கேள்வி. 2010-ஆம் ஆண்டில் ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கக் கணக்குப்படி உலகெங்கும் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. செல்போன்தான் காரணம். சரக்கு, பில், கடை முகப்பு இவற்றை மட்டும் படம் எடுப்பவருக்குக் கையில் இருக்கும் செல்போனே போதும். அவர் கேமராவுக்குப் போடும் பணத்தைச் சரக்கில் போடலாம்.

ஆனால் மூன்று காரியங்களில் தனிக் கேமராவுக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஒன்று, தூரத்தில் உள்ளதை இழுத்து எடுப்பது. விலை உயர்ந்த செல்போன்களில் 3 மடங்கு, 5 மடங்கு லென்ஸ் வந்துவிட்டது. சின்னக் கேமராக்களிலோ 30, 40 மடங்கு வரை உண்டு. ஏலக்கூடத்தின் பின் வரிசையிலிருந்து விலைப் பலகையை எடுக்கவும், குடும்பத்தோடு யாத்திரை போகும்போது கோபுரச் சிற்பத்தை எடுக்கவும் இது உதவும். இரண்டு, மங்கலான குடோனில் பிளாஷ் போட்டுத் தெளிவாக எடுப்பது. மூன்று, நாள் முழுதும் மணி அடிக்கும் செல்போனின் பேட்டரியைப் படம் எடுத்துத் தீர்க்காமல் இருப்பது. மேற்கூறிய மூன்றில் ஒன்றாவது அடிக்கடி தேவைப்பட்டால்தான் கேமரா வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும்.

மூட்டை அச்சும் உள்ளே இருக்கும் சரக்கும்

மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து நாம் மல்லி வாங்குவதில்லை. குத்தூசி போட்டு உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்கிறோம். கேமராவுக்கும் அதுவே விதி. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது மெகாபிக்சல் கணக்கு. நாம் கேட்க வேண்டியது, உள்ளே ஒளியை வாங்கும் சென்சாரின் அளவு.

கேனான் எஸ்.எக்ஸ்.740 என்பது 2018-இல் வந்த கேமரா. சோனி ஆர்.எக்ஸ்.100-இன் ஏழாவது மாடல் 2019-இல் வந்தது. இரண்டும் 20 மெகாபிக்சல்தான். எடையும் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்னது 299 கிராம், பின்னது 302 கிராம். ஆனால் கேனானின் சென்சார் சுமார் 6.2 மில்லிமீட்டர் நீளம், 4.6 மில்லிமீட்டர் அகலம். சோனியின் சென்சார் 13.2 மில்லிமீட்டர் நீளம், 8.8 மில்லிமீட்டர் அகலம். பெருக்கிப் பார்த்தால் பரப்பு நான்கு மடங்கு. அந்த அளவுக்கு ஒளி கூடுதலாகக் கிடைப்பதால், மாலை வேளையிலும் கடைக்குள்ளும் எடுக்கும் படம் புள்ளி தட்டாமல் வரும்.

இந்தப் பெரிய சென்சாரை "ஓர் அங்குல சென்சார்" என்பார்கள். ஸ்கேல் வைத்து அளந்தால் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் வராது. பழைய டெலிவிஷன் கேமராக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து ஏற்பட்ட பெயர் அது. மெட்ரிக் அளவுக்கு முன் ஊருக்கு ஊர் "படி" மாறியதை அறிந்த நமக்கு இது விளங்காமல் போகாது. பெயரை விட்டு, மில்லிமீட்டர் கணக்கையே கேட்க வேண்டும்.

அப்படியானால் பெரிய சென்சாரே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. பெரிய சென்சாருக்கு நீண்ட ஜூம் வைத்தால் லென்ஸ் பெருத்துவிடும், சட்டைப் பைக்குள் அடங்காது. அதனால்தான் மேற்சொன்ன கேனானில் 40 மடங்கு ஜூம், சோனியில் 8 மடங்குதான். இடைப்பட்ட வழியாக 2018-இல் வந்த பானாசோனிக் டி.இசட்.200-இல் ஓர் அங்குல சென்சாரோடு 15 மடங்கு ஜூம் உண்டு. எடை 340 கிராம். 2025-இல் வந்த டி.இசட்.99 சின்ன சென்சார், 30 மடங்கு ஜூம். பகலில் தூரக் காட்சி அதிகம் எடுப்பவருக்குச் சின்ன சென்சாரும் நீண்ட ஜூமும் பொருந்தும். உள்ளறை, மாலை நேரம், விசேஷ வீடு என்று எடுப்பவருக்குப் பெரிய சென்சாரும் குறைந்த ஜூமும் பொருந்தும். "டிஜிட்டல் ஜூம்" என்று தனியாக ஒரு கணக்குச் சொன்னால் அதைத் தள்ளிவிடலாம். அது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே தவிர வேறில்லை.

நம் தொழிலின் எதிரி தூசி

விற்பனையாளர் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஜூம் கேமராவை இயக்கும்போது லென்ஸ் குழாய் வெளியே நீள்கிறது, நிறுத்தும்போது உள்ளே போகிறது. ஒவ்வொரு முறையும் தூசியையும் சேர்த்து இழுக்கிறது. குண்டூர் மிளகாய் யார்டு, உஞ்சா சீரக மார்க்கெட் என்று அலைந்த எங்கள் பழைய கேமராவின் கதி அதுதான். படத்தின் மூலையில் கரும்புள்ளி வந்தது, பின்னர் லென்ஸ் நகரவே இல்லை. இவ்வகைக் கேமராவில் லென்ஸைக் கழற்றித் துடைக்க வழியில்லை.

ஆகவே யார்டிலும் குடோனிலும் அதிகம் எடுப்பவர்கள், லென்ஸ் வெளியே நீளாத, தூசி புகாத வகையைக் கேட்டுப் பார்க்கலாம். முன்பு ஒலிம்பஸ் என்ற பெயரில் இருந்து இப்போது ஓ.எம். சிஸ்டம் எனப்படும் பிராண்டின் டி.ஜி.7 (2023) அத்தகையது. எடை 249 கிராம், 15 மீட்டர் ஆழத் தண்ணீரையும் தாங்கும். ஜூம் 4 மடங்குதான், சென்சாரும் சின்னதுதான். அதற்குக் கிடைப்பது உழைப்பு. மற்ற கேமராக்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, தூசி அடங்கிய பிறகு இயக்குவது நல்லது.

படம் என்பது சாட்சியும் ஆகும்

ஒரு சமயம் எங்களுக்கு வந்த மல்லி லோடில் 14 மூட்டைகள் நனைந்திருந்தன. இறக்குவதற்கு முன்பே லாரியின் நம்பர், கிழிந்த படுதா, நனைந்த மூட்டைகளின் லாட் மார்க் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டோம். ஏற்றிய இடத்திலேயே ஈரம் என்று லாரி சர்வீஸ்காரர் வாதாடினார். ஏற்றும்போது எடுத்த படமும் இறக்கும்போது எடுத்த படமும் தேதி, நேரத்தோடு கேமராவில் இருந்தன. இரண்டையும் அருகருகே காட்டியபின் பேச்சு சுமுகமாக முடிந்து, நஷ்டத்தை அவரே ஏற்றார்.

எனவே கேமரா வாங்கியதும் முதல் வேலை தேதியையும் மணியையும் சரியாக வைப்பது. பேட்டரி வெகுநாள் இறங்கிக் கிடந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, உள்ளே பதிந்த தேதி விவரமும் போய்விடும். மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி, டிஜிட்டல் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சான்றிதழ் தேவை. வழக்கு என்று வரும்போது வக்கீல் முதலில் கேட்பது மூலப் படத்தைத்தான்.

வாங்கும்போது

1. டிஜிட்டல் கேமராவுக்கான ஜி.எஸ்.டி. 2019 ஜனவரி 1 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. தொழிலுக்காக வாங்குவதானால் கடைப் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் போட்டுப் பில் வாங்கி, வரி வரவு எடுக்கலாம். அந்த வரித் தொகைக்குத் தேய்மானமும் சேர்த்துக் கோரக்கூடாது. குடும்பச் சுற்றுலாவுக்கு மட்டும் என்றால் வரவு கிடையாது.

2. பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், வருடம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும். பொட்டலச் சரக்குக்கு நம்மிடம் அதிகாரிகள் கேட்பது இதைத்தான். ஒட்டவில்லை என்றால் அது குறுக்கு வழியில் வந்த சரக்காக இருக்கலாம், இங்கே வாரண்டி செல்லாது.

3. சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய்க் கடைக்குள்ளேயே, வெளிச்சம் குறைந்த மூலையில் நான்கு படம் எடுத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபின் முடிவு செய்யவும்.

4. இவ்வகைக் கேமராக்கள் ஒரு சார்ஜில் சில நூறு படங்களே எடுக்கும். உபரி பேட்டரி ஒன்று அவசியம். விமானப் பயணத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், உள்ளே அனுப்பும் பெட்டியில் போடக்கூடாது.

5. பழைய கேமராவை எடைக்குப் போடும் முன் மெமரி கார்டை எடுத்துவிடவும். அதில் நம் கணக்கும் குடும்பமும் இருக்கும்.

புதிய கேமரா வாங்கிய உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினால் மற்றவர்களுக்கும் பயன்படும். சின்னக் கேமராவில் இன்று வரும் மாடல்கள் குறைவு. ஒருவர் அறிந்தது பத்துப் பேருக்குப் பணத்தை மிச்சப்படுத்தும்.