ஏழு காய்களுக்குள் வந்துவிட்டால்

இரண்டு ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் ஏழு காய்களுக்கு மேல் இல்லையென்றால், அந்த ஆட்டத்தின் முடிவு ஏற்கெனவே கணக்கிடப்பட்டுவிட்டது. மேட் ஆன நிலைகளில் தொடங்கி, ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னோக்கிப் போய், எல்லா நிலைகளுக்கும் விடை எழுதிவைத்த கோப்புகளே டேபிள்பேஸ். இதில் ஊகத்துக்கு இடமில்லை.

ஏழு காய்கள் மிஞ்சிய பிறகுதான் செஸ் என்ஜின் இதைத் தொடும் என்று பலர் நினைக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு காய்கள் இருக்கும்போதே ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜின் தொட்டுவிடும். இதை வெட்டினால் எதிராளி அதை வெட்டுவார் என்று தேடலில் ஆழமாகப் போகையில், ஏதாவது ஒரு கிளை ஏழு காய்களில் போய் நிற்கும். அங்கே கோப்பைப் பார்த்து, வெற்றியா தோல்வியா டிராவா என்று தெரிந்துகொண்டு, பெரும்பாலும் அந்தக் கிளையை அத்தோடு முடித்துவிடும்.

இன்று பரவலாக உள்ள வடிவம் ரொனால்ட் டி மான் 2013இல் வெளியிட்ட சிசிஜி. இதன் சாமர்த்தியம், கோப்பை இரண்டாகப் பிரித்ததில் இருக்கிறது. தேடலின் நடுவே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கோப்பில் முடிவு மட்டுமே இருக்கும். அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ எத்தனை நகர்த்தல் என்பது இன்னொன்றில் இருக்கும். பலகையிலேயே ஏழு காய்கள் நிற்கும்போதுதான் அது தேவைப்படும்.

மேட் வரை எண்ணாமல் வெட்டு வரை எண்ணுவானேன்? வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் இரு தரப்பும் ஐம்பது நகர்த்தல்கள் ஆடிவிட்டால் டிரா கேட்கலாம் என்ற விதிதான் காரணம். 549ஆவது நகர்த்தலில் மேட் ஆகும் ஏழு காய் நிலைகூட உண்டு. காகிதத்தில் வெற்றி, போட்டியில் டிரா. இப்படிப்பட்ட வெற்றிகளை சிசிஜி தனியாகவே குறித்துவைக்கிறது.

ஆனால் அந்த எண்ணிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் ஆட்டம் விகாரமாகிவிடும்: எண்ணிக்கையைச் சீக்கிரம் பூஜ்யமாக்க, என்ஜின் காரணமே இல்லாமல் ஒரு காயை வெட்டக் கொடுக்கும். அதனால் ஸ்டாக்ஃபிஷ் விதிக்குள் உறுதியாக ஜெயிக்கும் நகர்த்தல்களை எல்லாம் பொதுவாகச் சமமாக வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றைத் தன் தேடலால் தேர்ந்தெடுக்கிறது.

வீட்டுக் கணினியில் இடம்தான் சிக்கல். ஐந்து காய் வரை ஒரு ஜிபிக்குள் அடங்கும். ஆறு காய்க்குச் சுமார் 150 ஜிபி. 2018இல் முடிந்த ஏழு காய்க்கோ ஏறத்தாழ 17 டிபி. ஆறு காய் கோப்புகளைப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் வைத்தால், ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருந்தே என்ஜினின் வேகம் குறைந்துவிடும். எஸ்எஸ்டியில் வைப்பதே நல்லது.