ஸ்பிரிங்குக்குக் கொடுத்த முன்பணம்

சந்தவாசலிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார். வாரநாளில் போளூருக்குப் பைக்கில் தனியாகப் போய்வருபவர். ஆடி வெள்ளி என்றால் மனைவியோடு படவேடு. நெல் அரைத்த அன்று கேரியரில் 25 கிலோ அரிசியும் ஏறும். பாரம் ஏறினால் பின்சக்கரம் மட்கார்டில் இடிக்கிறது என்று மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார். அவர் இரண்டு ஷாக் அப்சார்பரிலும் ஸ்பிரிங்கைத் தாங்கும் படி வளையத்தைத் திருப்பிக் கடைசி ஸ்டெப்பில் வைத்துவிட்டார். இடிப்பது நின்றது, இடுப்பு போனது. ‘ஸ்பிரிங்கை டைட் பண்ணியதால்தானே இது? கேஸ் ஷாக் போட்டால் சரியாகுமா?’

ஸ்பிரிங் டைட் ஆகவே இல்லை. வேடிக்கையே அங்கேதான் இருக்கிறது.

ஆரணிப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம். தறிக்காரர் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். முதலில் நெய்யும் புடவைகளின் கூலி அந்தக் கணக்கில் கழிகிறது, கைக்குக் காசு வராது. கழிந்தபின் ஒவ்வொரு புடவைக்கும் பேசிய கூலி. முன்பணம் கூடுதலாக வாங்கியிருந்தால் காசு கைக்கு வர நாளாகும். புடவைக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும் மாறாது. (நிஜத்தில் அந்த முன்பணம் லேசில் கழியாது என்பது வேறு கதை.) ஸ்டெப்பைத் திருப்புவது ஸ்பிரிங்குக்கு முன்பணம் கொடுப்பதுதான். அதன் மேல் ஏறும் எடை புடவை, வண்டி அமுங்குவது கைக்காசு.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 1 மி.மீ. அமுங்க 2 கிலோ கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியிலேயே அதை 20 மி.மீ. அமுக்கித்தான் பூட்டுகிறார்கள் என்றும் வைப்போம். ஆக, முன்பணம் 40 கிலோ. வண்டியின் பின்பாரம், நீங்கள், மனைவி, அரிசி எல்லாம் சேர்ந்து 140 கிலோ விழுந்தால் ஸ்பிரிங் மொத்தம் 70 மி.மீ. சுருங்கும். அதில் 20 முன்பே சுருங்கியது. வண்டி இறங்குவது 50. இப்போது ஸ்டெப்பைத் திருப்பி இன்னும் 10 மி.மீ. அமுக்குங்கள். முன்பணம் 60 கிலோ. அதே 140 கிலோவுக்கு ஸ்பிரிங் சுருங்குவது அதே 70 மி.மீ.தான். வண்டி இறங்குவது 40.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பாரம் ஏறிய ஸ்பிரிங்கின் நீளம், ஸ்டெப் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒன்றே. அது உட்கார்ந்திருக்கும் தட்டு 10 மி.மீ. உயர்ந்தது, கூடவே வண்டியும் உயர்ந்தது. தனக்கு ஏதோ நடந்ததே ஸ்பிரிங்குக்குத் தெரியாது. மேற்கொண்டு 40 கிலோ அடி விழுந்தால் முன்பும் 20 மி.மீ., இப்போதும் 20 மி.மீ. ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் விலக்கியும் சுற்றிய ஸ்பிரிங்குக்கும் இது பொருந்தும்: அதே பாரத்தில் நீளம் மாறவில்லை என்றால் குணம் மட்டும் எப்படி மாறும்? (ஷாக் சாய்ந்திருப்பதால் சக்கரம் நகரும் தூரம் இதிலிருந்து கொஞ்சம் மாறும்.) மட்கார்டில் இடிப்பது நின்றது, வண்டி உயர்ந்து சக்கரம் மேலெழ இடம் கிடைத்ததால்தான்.

அப்படியானால் இடுப்பு ஏன் போகிறது? கடைசி ஸ்டெப்பில் முன்பணம் 80 கிலோ என்று கொள்வோம். தனியாகப் போகும்போது ஸ்பிரிங் மேல் விழுவது 70 கிலோ என்றால் கணக்கு இன்னும் தீரவில்லை. ஷாக் முழு நீளத்துக்கு விறைத்து நிற்கும். சின்னக் கல்லின் அடி ஸ்பிரிங்கை அசைக்காமல் நேரே சீட்டுக்கு வரும். பள்ளத்தில் இன்னும் மோசம். சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்க வேண்டும். ஷாக்கில் நீள இடமில்லை. ‘டக்’.

இடதில் இரண்டாம் ஸ்டெப், வலதில் நான்காம் ஸ்டெப் வைத்து ஓட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு முதலாளியிடம் வேறு வேறு முன்பணம் வாங்கியவர் பாடுதான்: இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நடுவில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும்.

சரித்திரம் இல்லாமல் விட்டால் ஆசிரியர் விடமாட்டார். பாரத்துக்கேற்ப ஸ்பிரிங் நீளும் என்பதை ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678இல் விடை சொன்னார். பின்பக்க ஸ்விங் ஆர்மோடு வந்த புல்லட்டை 1956 முதல் சென்னை திருவொற்றியூரில் பூட்டினார்கள். இருவர் உட்காரும் டிவிஎஸ் 50 மொபெட் 1980இல் ஓசூரிலிருந்து வந்தது. போதும்.

இனி கேஸ் ஷாக். ஸ்பிரிங் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது உள்ளே சின்னத் துளைகள் வழியே திணறிப் போகும் ஆயில். வேகமாகத் தள்ளினால் அதிகம் எதிர்க்கும், மெல்லத் தள்ளினால் வழிவிடும். ஓயாத அடியில் சூடேறி ஆயில் நுரைத்தால் எதிர்ப்பு தளரும். நைட்ரஜனை அழுத்தி அடைத்து வைப்பது அந்த நுரையைத் தடுக்கத்தான். பக்கத்தில் ஒரு புட்டியை ஒட்டவைத்து ‘மிதக்கும் சவாரி’ என்று விளம்பரம் செய்வார்கள். போளூர் போய்வருவதற்குள் உங்கள் ஆயில் நுரைக்கப் போவதில்லை. ஸ்பீடு பிரேக்கர் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினாலோ, ராடில் ஆயில் கசிந்து மண் ஒட்டியிருந்தாலோ ஷாக்கை மாற்றத்தான் வேண்டும். ஸ்டெப்பைத் திருப்பிப் பயனில்லை.

உங்கள் வண்டிக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பாரத்தை இறக்குங்கள். படிக்கட்டு போல வெட்டிய வளையத்தில் சேறு இறுகியிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்து ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். டூல் கிட்டிலுள்ள சி ஸ்பேனரை வளையத்தின் காடியில் மாட்டித் திருப்பினால் படி படியாக ஏறும், இறங்கும். ஸ்குரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டினால் காடி மழுங்கி, அடுத்த முறை எதுவும் பிடிக்காது. ஸ்பிரிங்கைக் கழற்ற மட்டும் முயலாதீர்கள், எகிறும்.

எந்த ஸ்டெப்? சக்கரம் தொங்கும்போது ஆக்சிலிலிருந்து நேர்மேலே சீட்டின் விளிம்புவரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்தபின் வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். சக்கரம் மொத்தம் ஏறி இறங்கக்கூடிய தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இறங்கியிருந்தால் சரி. மனைவியும் அரிசியும் ஏறியபின் ஒரு முறை அளந்து, வெள்ளிக்கிழமைக்கு எத்தனை படி ஏற்ற வேண்டும் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மறக்காமல் இறக்கிவிட வேண்டும்.